கசிவுக்குக் காரணம் அளவு: அப்பாவின் வயிற்றில் ஒட்டிய சிறுநீர்ப் பையோடு எனக்கு ஏற்பட்ட அனுபவம்

அப்பாவை டிஸ்சார்ஜ் செய்த தாளில் கடைசிக்கு முந்தின வரி இதுதான்: 'ஸ்டோமா பராமரிப்பு விளக்கப்பட்டது.' சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டு, சிறுநீர் வெளியேற அப்பாவின் வயிற்றில் திறந்து வைத்த வாய்தான் ஸ்டோமா. அந்த விளக்கம் நான்கு நிமிடம் நடந்தது. வாடகைக் கார் வாசலில் நின்றுகொண்டிருந்தது. நான் பில் கட்டும் இடத்துக்கும் மருந்துக் கடைக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். பணி முடிந்து கிளம்பவிருந்த நர்ஸ் ஒருவர் அப்பாவின் சட்டையைத் தூக்கி, வயிற்றில் ஒட்டியிருந்த பையைக் கழற்றி, புதியதை ஒட்டிக் காட்டி, "நான்கு நாளைக்கு ஒரு முறை இப்படி மாற்றிவிடுங்கள், அவ்வளவுதான்" என்றார். நான் தலையாட்டினேன், கையெழுத்துப் போட்டேன். அது 2023 மார்ச் 6. அடுத்த முப்பத்தைந்து நாட்களில் நாங்கள் பட்டது யாருக்கும் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்குத் தையல் தொழில், சின்னாளபட்டியில் கடை வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு அப்போது 68 வயது. முப்பது வருடம் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர், கூடவே பீடிப் பழக்கமும் உண்டு. 2022 தீபாவளி முடிந்த வாரத்தில் அவருக்குச் சிறுநீர் ரத்தமாகப் போனது. வலி இல்லை. வலி இல்லாததால் சூடு என்று முடிவு கட்டி, இளநீரும் ஊறவைத்த வெந்தயமும் கொடுத்து இரண்டு மாதத்தை வீணாக்கினோம். மதுரையில் டாக்டர் கேட்ட முதல் இரண்டு கேள்விகள், "பீடி, சிகரெட் உண்டா? என்ன வேலை பார்த்தீர்கள்?" சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் புகையே முதல் காரணம், அதற்கடுத்து சில சாயங்களில் இருந்த ரசாயனங்கள் என்று சொன்னார். பென்சிடின் என்ற பொருளிலிருந்து செய்த சாயங்களை நம் நாட்டில் 1990களில்தான் தடை செய்தார்கள். அப்பா அதற்கு வெகுகாலம் முன்பே தொட்டியில் கைவிட்டு நூலைப் புரட்டிக்கொண்டிருந்தவர். சிறுநீரில் ஒரே ஒரு முறை ரத்தம் வந்து தானாக நின்றுவிட்டாலும், வலியே இல்லாவிட்டாலும், சிறுநீரகவியல் மருத்துவரிடம் போய்விடுங்கள். எங்கள் இரண்டு மாதம் இனித் திரும்பாது.

புற்று சிறுநீர்ப்பையின் தசைவரை இறங்கிவிட்டதால் சிறுநீர்ப்பையை முழுதாக எடுக்க வேண்டியதாயிற்று. பையை எடுத்துவிட்டால் சிறுநீர் எங்கே போகும்? சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் துண்டை வெட்டி எடுத்து, இரண்டு சிறுநீரகங்களிலிருந்தும் வரும் குழாய்களை அதில் தைத்து, அந்தத் துண்டின் ஒரு முனையைத் தொப்புளுக்கு வலப்பக்கம் கீழே வயிற்றுத் தோலில் திறந்து வைக்கிறார்கள். இலியல் கண்டூயிட் என்று பெயர். 1950இல் பிரிக்கர் என்ற அமெரிக்க அறுவை நிபுணர் எழுதிய முறை, இன்றும் பரவலாகச் செய்யப்படுகிறது. குடலைக் கொண்டே புதுச் சிறுநீர்ப்பை செய்து உள்ளே வைக்கும் முறையும் உண்டு, ஆனால் அப்பாவின் சிறுநீரகங்கள் அதற்குத் தாங்காது என்றார்கள். வெளியே தெரியும் அந்த வாய்தான் ஸ்டோமா. உதட்டின் உட்புறம் போலச் சிவப்பாக, ஈரமாக இருக்கும். அதில் வலி உணரும் நரம்பு கிடையாது, தொட்டால் வலிக்காது. துடைக்கும்போது ஒரு பொட்டு ரத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. முதல் முறை பார்த்தபோது கை நடுங்கியது.

முக்கியமானது என்னவென்றால், அந்த வாய்க்கு மூடித் திறக்கும் தசை இல்லை. அடக்க முடியாது, இரவு பகல் சொட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் எப்போதும் பை ஒட்டியிருக்க வேண்டும். எங்களுக்குக் கொடுத்தது இரண்டு பாகமானது. தோலில் ஒட்டும் பேஸ் பிளேட் ஒன்று, அதன் வளையத்தில் பொருத்தும் பை ஒன்று. பிளேட்டின் நடுவில் ஸ்டோமா அளவுக்கு நாமே கத்தரியால் துளை வெட்டிக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் வெட்டிய பிளேட்டின் காகிதத்தை மாதிரியாகப் பத்திரப்படுத்திக் கொண்டுவந்தேன். துளை 38 மில்லிமீட்டர். அந்தக் காகிதம்தான் எங்களுக்கு எமனாக வந்தது.

வீட்டில் இதைப் பார்த்துக்கொள்ள நான் ஒருவன்தான். அம்மா இல்லை. என் மனைவி முன்வந்தாள், அப்பா சம்மதிக்கவில்லை. "மருமகள் கண்ணில் இது படக்கூடாது தம்பி. நீ இருந்தால் செய், இல்லையென்றால் அப்படியே கிடக்கிறேன்" என்றார். அந்த வைராக்கியத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே ஒருவர் மட்டும் கற்றுக்கொண்டால் அவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்று முதல் நாளே பேசி முடிவெடுத்துவிடுவது நல்லது. நோயாளியே கற்றுக்கொள்வது எல்லாவற்றையும்விட நல்லது. எங்கள் வீட்டில் அதற்கு ஏழு மாதம் ஆனது.

முதல் நான்கு நாள் ஆஸ்பத்திரி ஒட்டிய பை தாங்கியது. கையிருப்பு தீரப்போகிறதே என்று ஒரு மருந்துக் கடையில் "ஸ்டோமா பை" என்று கேட்டேன். பத்து பை கொடுத்தார்கள், 2,400 ரூபாய். வீட்டுக்கு வந்து பார்த்தால் அடிப்பக்கம் அகலமாகத் திறந்து, மடித்துக் கிளிப் போடும் பை. அது மலத்துக்கானது. எனக்கு அது தெரியாது. அன்று இரவு இரண்டு மணிக்கு அப்பா கூப்பிட்டார். பாய், தலையணை, அவருடைய பனியன் எல்லாம் நனைந்திருந்தன. கிளிப் வழியாகச் சிறுநீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து உட்கார்ந்து, விளக்கைப் போடாதே என்று கையால் சைகை காட்டினார். சிறுநீருக்கான பையை யூரோஸ்டமி பை என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அதன் அடியில் சிறு குழாய்த் திருகு இருக்கும், உள்ளே சிறுநீர் மேல்நோக்கித் திரும்பாமல் தடுக்கும் தடுப்பு இருக்கும். மலத்துக்கான பையில் இரண்டும் இல்லை. கடையில் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். பிளேட்டின் வளைய அளவும் பையின் வளைய அளவும் ஒன்றாக இருக்க வேண்டும், ஒரு நிறுவனத்தின் பை இன்னொரு நிறுவனத்தின் பிளேட்டில் உட்காராது. பிரித்த பெட்டியை யாரும் திரும்ப வாங்குவதில்லை.

சரியான பை வந்த பிறகு ஒரு வாரம் நிம்மதி. பிறகு மூன்றாவது வாரத்தில் ஓரமாக ஈரம் கசியத் தொடங்கியது. நான்கு நாள் தாங்கிய பிளேட் இரண்டு நாள் தாங்கியது, பிறகு ஒரு நாள், பிறகு அரை நாள். பங்குனி முடியும் சமயம் ஒரு நாளைக்கு இரண்டு பிளேட் போனது. ஒரு பிளேட் 320 ரூபாய். மொத்தம் 42 பிளேட், 15 பை என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், 17,000 ரூபாயைத் தாண்டியது. சித்திரைக் கல்யாணத்துக்கு ரவிக்கைத் துணி கொடுத்தவர்கள் வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். கடை மொத்தம் 24 நாள் மூடிக் கிடந்தது.

கசிந்த சிறுநீர் தோலில் நின்று, ஸ்டோமாவைச் சுற்றிச் செக்கச்செவேலென்று புண்ணாகிவிட்டது. நம் வீட்டில் புண் என்றால் கை தானாகத் தேங்காய் எண்ணெயிடம் போகும். தடவினேன். எண்ணெய் பட்ட தோலில் எந்தப் பசையும் பிடிக்காது என்று தோன்றவே இல்லை. அது வழுக்கியதும் முகப் பவுடர் போட்டேன், அதன்மேல் பிளேட் ஒட்டியதும் அப்படியே உதிர்ந்தது. பிறகு சுற்றிலும் பிளாஸ்திரி போட்டேன். அது நான் செய்ததிலேயே மோசமான காரியம். கசிவு வெளியே வராமல் உள்ளேயே அடைபட்டுத் தோலை மேலும் அரித்தது. கசிகிற பிளேட்டுக்கு ஒட்டுப்போடக் கூடாது, உடனே கழற்றி மாற்றத்தான் வேண்டும். தோலைக் கழுவ வெறும் தண்ணீர் போதும். எண்ணெய்ச் சத்துள்ள சோப்பு, லோஷன், டெட்டால், மஞ்சள் எதுவும் வேண்டாம். தோல் கசிந்து ஈரமாக இருந்தால் அதற்கென்று ஸ்டோமா பவுடர் இருக்கிறது, மெல்லத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டுத்தான் பிளேட் ஒட்ட வேண்டும்.

இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஏப்ரல் முதல் வாரத்தில் ஓர் இரவு, மூன்றாவது முறையாக நனைந்தபோது, "கொஞ்சம் அசையாமல் படுக்கக்கூடாதா அப்பா?" என்று கத்திவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நனைந்த வேட்டியைத் தானே உருவி மடித்துக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். மறுநாளிலிருந்து அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார். செம்பு நிறைய வைத்துவிட்டுக் கடைக்குப் போவேன், மாலையில் வந்து பார்த்தால் அப்படியே இருக்கும். கேட்டால் தாகமில்லை என்பார். குடித்தால்தானே பை நிறையும், பை நிறைந்தால்தானே மகன் எழ வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். வெளியே கத்திரிக்கு முந்தின வெயில். சிறுநீர் தேநீர் நிறத்துக்கு வந்ததை நான் பார்த்தேன், பார்த்தும் எனக்குப் புரியவில்லை.

லேசான காய்ச்சல் வந்ததும் பக்கத்துப் பரிசோதனைக் கூடத்துக்குப் பையிலிருந்து சிறுநீரைப் பிடித்துக் கொண்டுபோனேன். கிருமி நிறைய இருக்கிறது என்று வந்தது, மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து நாள் கழித்து மறுபடியும் பையிலிருந்தே பிடித்தேன், மறுபடியும் கிருமி, வேறு மாத்திரை. பைக்குள் தேங்கிய சிறுநீரில் கிருமி எப்போதும் இருக்கும், அந்தப் பரிசோதனைக்கு அர்த்தமே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஸ்டோமாவைச் சுத்தம் செய்துவிட்டு, உள்ளே மெல்லிய குழாய் விட்டு எடுக்கும் சிறுநீரைத்தான் சோதிக்க வேண்டும். இதை நீங்கள்தான் சொல்லிக் கேட்க வேண்டும், பல இடங்களில் பையைத் திறந்து பிடித்துக் கொடுங்கள் என்றுதான் சொல்வார்கள். ஏப்ரல் 10ஆம் தேதி காலையில் அப்பாவுக்குக் கட்டில் ஆடும்படி குளிர் நடுக்கம் வந்தது, வலது விலாவுக்குக் கீழே கை வைக்க விடவில்லை. கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருந்தது. மதுரையில் ஐந்து நாள் உள்நோயாளி, 46,000 ரூபாய். பணம் போனதுகூடப் பரவாயில்லை. அந்த ஐந்து நாளும் நான் கத்திய வார்த்தை காதிலேயே இருந்தது.

அங்கேதான் விடிவு வந்தது. ஸ்டோமாவுக்கென்று தனியாகப் பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் இரண்டாம் நாள் கட்டிலுக்கு வந்தார். அப்படி ஒரு படிப்பு இருக்கிறதே எனக்கு அன்றுதான் தெரியும். 1958இல் அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் மருத்துவமனையில், தானே வயிற்றில் பை வைத்து வாழ்ந்த நார்மா கில் என்ற பெண்மணியிடமிருந்து தொடங்கிய துறை இது என்று அவர் சொன்னார். பிளேட்டைப் பிய்த்து எறியாமல், தோலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மேலிருந்து கீழாக மெல்ல உரித்தார். உரித்ததைத் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்தார். "இதைப் படியுங்கள்" என்றார். பசையின் நடுத் துளையைச் சுற்றி வெள்ளையாக ஊறி நைந்திருந்தது. கீழே இடப்பக்கம் மட்டும் ஓரம்வரை ஒரு வாய்க்கால் போல ஓடியிருந்தது. நான் தூக்கி எறிந்த 42 பிளேட்டிலும் அந்த வாய்க்கால் அதே இடத்தில் இருந்திருக்கும். ஒன்றைக்கூட நான் திருப்பிப் பார்த்ததில்லை.

பிறகு வட்ட வட்டமாகத் துளையிட்ட ஓர் அட்டையை எடுத்து ஸ்டோமாமீது ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். 28 மில்லிமீட்டரில் சரியாக உட்கார்ந்தது. "நீங்கள் எவ்வளவு வெட்டுகிறீர்கள்?" என்று கேட்டார். 38 என்றேன். அறுவை சிகிச்சை முடிந்த சமயத்தில் ஸ்டோமா வீங்கியிருக்கும், ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் சுருங்கிக்கொண்டே வரும், அதுவரை வாரத்துக்கு ஒரு முறை அளக்க வேண்டும் என்றார். பத்து மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் சுற்றிலும் ஐந்து மில்லிமீட்டர் தோல் இரவும் பகலும் சிறுநீரில் ஊறியிருக்கிறது. எனக்கு அந்தக் கணக்குப் போட ஒரு நொடி போதும். இருபது வருடமாக அளவு எடுக்காமல் ஒரு துணியில் கத்தரி வைத்தவனில்லை நான். போன வருடம் தைத்த ரவிக்கையைக் கொண்டுவந்து இதே அளவு போதும் என்பவர்களைக்கூட நிற்க வைத்து அளந்துதான் அனுப்புவேன். என் அப்பாவின் உடம்புக்கு ஐந்து வாரம் பழைய காகிதத்தை வைத்து வெட்டியிருக்கிறேன். அப்பா அசைந்ததால் கசியவில்லை. நான் கத்தியது அவருக்குச் சேர வேண்டியதில்லை என்பது அந்த அட்டையைப் பார்த்ததும் தெரிந்தது. அவர் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "விடு தம்பி, உனக்கு மட்டும் யார் சொல்லிக்கொடுத்தார்கள்" என்றார்.

அந்த நர்ஸ் இன்னொன்றும் செய்தார். படுத்திருந்த அப்பாவை எழுப்பி உட்கார வைத்தார். படுக்கும்போது தட்டையாக இருந்த வயிறு, உட்கார்ந்ததும் ஸ்டோமாவுக்கு இடப்பக்கம் கீழே ஆழமாக மடிந்தது. வாய்க்கால் ஓடிய இடம் அதுதான். அந்த மடிப்பில் வைத்து நிரப்ப ஒட்டும் வளையம் கொடுத்தார், பிய்த்து வேண்டிய வடிவத்தில் உருட்டிக்கொள்ளலாம். சிலருக்குத் தோல் பக்கமாகப் புடைத்த பிளேட் தேவைப்படும், அதை நாமாக வாங்காமல் காட்டிவிட்டு வாங்க வேண்டும் என்றார். படுத்திருக்கும்போது மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உட்காரச் சொல்லுங்கள், குனியச் சொல்லுங்கள், மடிப்பு எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் மாற்றும் முறை இது. நான்கு நாளுக்கு ஒரு முறை, விடியற்காலை ஐந்து மணிக்கு, காபிக்கு முன்பு. இரவு முழுக்க எதுவும் குடிக்காததால் அப்போதுதான் சொட்டு குறைவாக இருக்கும். முதல் நாள் இரவே புதுப் பிளேட்டில் துளை வெட்டி வைத்துவிடுவோம். ஸ்டோமாவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரிதாக, அதற்குமேல் இல்லை. வெட்டிய விளிம்பை விரலால் தடவிப் பிசிறு இல்லாமல் ஆக்குவோம், குடல்தோல் மெல்லியது, கீறிவிடும். பழையதை உரித்ததும் அதைத் திருப்பிப் பார்ப்பேன், அந்தப் படிப்பை ஒரு நாளும் விடுவதில்லை. மெல்லிய துணியைச் சுருட்டி ஸ்டோமாவின் வாயில் வைத்தால் சொட்டுவதை அது உறிஞ்சிக்கொள்ளும், நமக்கு இரண்டு கையும் கிடைக்கும். தண்ணீரில் நனைத்த துணியால் சுற்றிலும் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் ஒரு நிமிடம். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் பசை பிடிக்காது. முடி இருந்தால் கத்தரியால் ஒட்ட வெட்டுவேன், சவரக் கத்தி வைப்பதில்லை. இதற்குள் அப்பா புதுப் பிளேட்டைக் காகிதத்தோடு அக்குளில் வைத்துச் சூடாக்கியிருப்பார். அந்தச் சூட்டில் பசை இளகித் தோலோடு சேரும். ஒட்டியபின் துளையின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக விரலால் வட்டமாக அழுத்தி, அதன்மேல் உள்ளங்கையை இரண்டு நிமிடம் வைத்திருக்க வேண்டும். பிறகு பையைப் பொருத்தி, 'டக்' என்ற சத்தம் கேட்டபின் ஒரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். பையின் திருகை மூடிவிட்டீர்களா என்று பாருங்கள். நான் இரண்டு முறை மறந்திருக்கிறேன்.

பை மூன்றில் ஒரு பங்கு, அதிகம் போனால் பாதி நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும். முழுக்க நிறைந்தால் அந்தப் பாரமே பிளேட்டை இழுத்துவிடும். இரவுக்கு இரண்டு லிட்டர் பை தனியாக இருக்கிறது, அதை வயிற்றுப் பையின் திருகில் இணைத்துக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் விடியும்வரை யாரும் எழ வேண்டாம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நானும் அப்பாவும் அந்த ஒரு மாதம் தூங்கியிருப்போம். இரண்டையும் இணைக்கச் சிறு பிளாஸ்டிக் இணைப்பான் ஒன்று வேண்டும், அது பைப் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். நான் ஏதோ தேவையில்லாத துண்டு என்று நினைத்து முதல் பெட்டியில் இருந்ததைக் குப்பையில் போட்டேன். இணைக்கும்போது வயிற்றுப் பையில் கொஞ்சம் சிறுநீர் இருக்கட்டும், முற்றிலும் காலியாக இருந்தால் காற்று அடைத்து இறங்காது. குழாய் முறுக்கிக்கொள்ளாமல் காலில் ஒரு நாடா கட்டிவிடுங்கள். காலையில் அந்தப் பெரிய பையை ஒரு பங்கு வெள்ளை வினிகரும் மூன்று பங்கு தண்ணீரும் கலந்து அலசிக் காயவைத்தால் நாற்றம் வராது.

பார்த்துப் பதறியவை இன்னும் சில உண்டு. சிறுநீரில் வெள்ளை வெள்ளையாக நூல் போல, திரிந்த பால் போல வரும். சீழ் என்று நினைத்தோம். குடல் துண்டு தன் இயல்புப்படி சுரக்கும் சளி அது, வாழ்நாள் முழுக்க வரும், தண்ணீர் நிறையக் குடித்தால் அடைக்காமல் போய்விடும். பீட்ரூட் பொரியல் சாப்பிட்ட அன்று பை சிவந்தது, அப்பாவுக்கு உயிர் போய் வந்தது. ஸ்டோமாவைச் சுற்றி உப்புப் படிந்தது போல நறநறவென்று வெள்ளைப் படிகம் வந்தால், வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து நனைத்த துணியை ஐந்து நிமிடம் வைத்து எடுக்க வேண்டும், தண்ணீரும் போதவில்லை என்று அர்த்தம். வேறு காரணத்துக்காக டாக்டர் கட்டுப்படுத்தச் சொல்லாதவரை ஒரு நாளைக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர். ஆனால் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்க வலி, குடித்தும் சில மணி நேரமாகப் பையில் சொட்டே விழாமல் இருப்பது, ஸ்டோமா கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறுவது, உள்ளிருந்து ரத்தம் வருவது, இவற்றில் எதுவும் விடியட்டும் என்று காத்திருக்கும் விஷயமில்லை.

இன்னும் அறுவை சிகிச்சை ஆகாதவர்கள் இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டோமா எங்கே வர வேண்டும் என்பதை முன்கூட்டியே வயிற்றில் மையால் குறிப்பார்கள். அப்போது நோயாளி எப்போதும் உடுத்தும் உடையில் இருக்க வேண்டும், உட்கார்ந்து, நின்று, குனிந்து பார்த்துக் குறிக்கச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குப் படுத்த நிலையில் ஆஸ்பத்திரி அங்கியில் குறித்தார்கள். அவர் வேட்டிக்காரர். கட்டுகிற இடம் சரியாக பிளேட்டின் மேல் விளிம்பில் விழுகிறது. இறுக்கிக் கட்டினால் பை நிறையாமல் அடைபடுகிறது, தளர்த்தினால் வேட்டி நிற்கவில்லை. எதுவும் செய்ய முடியாத அந்த விஷயத்துக்கு என் தொழில் உதவியது. தொப்புளுக்கு மேலே நிற்கும்படி உயர இடுப்புப் பட்டை வைத்து, உட்பக்கம் வலதுபுறம் ஒரு பருத்திப் பை தைத்து, அரைக்கால்சட்டை நான்கு தைத்துக் கொடுத்தேன். சிறுநீர்ப் பை அந்தத் துணிப் பைக்குள் உட்கார்ந்துகொள்ளும், பாரம் பிளேட்டில் விழாது, பிளாஸ்டிக் தோலில் பட்டு வியர்க்காது. அதற்குமேல் வேட்டியைத் தளரக் கட்டினால் போதும். பழைய சுங்குடிப் புடவைத் துணிதான், பலமுறை துவைத்து மெத்தென்று ஆனது. எந்தத் தையற்காரரிடம் சொன்னாலும் அரை மணி நேரத்தில் தைத்துவிடுவார்.

கோடையில் மாற்றுப் பிளேட்டுகளை ஓட்டு வீட்டின் பரணிலோ, வெயிலில் நிற்கும் வண்டியிலோ வைக்காதீர்கள், பசை உருகிவிடும். வெளியூர் போகும்போது துளை வெட்டிய பிளேட் இரண்டு, பை இரண்டு, துணி, குப்பைக்கு ஒரு கவர், ஒரு மாற்று வேட்டி, எல்லாம் ஒரு கைப்பையில் அப்பாவோடு வரும். பாரம் தூக்குவதை முதல் மூன்று மாதம் அறவே விட வேண்டும், பிறகும் தண்ணீர்க் குடம், காஸ் சிலிண்டர் எல்லாம் வேண்டாம், ஸ்டோமாவின் பக்கத்தில் குடலிறக்கம் வரும். எங்கள் காப்பீடு அறுவை சிகிச்சைக்குக் கைகொடுத்தது, வீட்டில் ஒட்டும் பைக்கு எங்கள் கைப்பணம்தான். இப்போது மாதம் 8 பிளேட், 8 பை, வளையம், பவுடர் எல்லாம் சேர்த்து 5,300 ரூபாய் அளவில் நிற்கிறது. பெட்டியாக வாங்குவதற்கு முன் நிறுவனத்திடம் மாதிரி கேளுங்கள், நான் கேட்டபோது அனுப்பினார்கள். யாருக்கு எந்தப் பசை ஒத்துக்கொள்ளும் என்பது ஒட்டிப் பார்த்தால்தான் தெரியும். டாக்டர் சொன்னபடி ஸ்கேன் எடுத்துச் சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கிறோம், ரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், அமில நிலையைக் காட்டும் பைகார்பனேட், வைட்டமின் பி12 சோதனையும் உண்டு. குடல் துண்டு சிறுநீரிலிருந்து அமிலத்தை ரத்தத்துக்குத் திரும்ப இழுத்துக்கொள்ளும் வாய்ப்பு இருப்பதால் இந்தச் சோதனைகளை நன்றாக இருக்கிறோம் என்று தள்ளிப் போடக்கூடாது.

டிஸ்சார்ஜுக்கு நாள் குறித்ததும், ஸ்டோமா நர்ஸ் இருக்கிறாரா என்று கேளுங்கள். அங்கே இல்லாவிட்டால் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேளுங்கள். வேலூர் சிஎம்சி போன்ற பெரிய மருத்துவமனைகளில் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கையால் இரண்டு முறை, நர்ஸ் பக்கத்தில் நின்று பார்க்க, கழற்றி அளந்து வெட்டி ஒட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுங்கள். கார் காத்திருந்தால் காத்திருக்கட்டும்.

அப்பாவுக்கு அக்டோபரில் கை பழகிவிட்டது. இப்போது அளப்பதும் வெட்டுவதும் அவரே, என் சின்னக் கத்தரியை வாங்கி வைத்துக்கொண்டார். போன மாதம் பக்கத்துத் தெருவில் அவரோடு சாயப்பட்டறையில் இருந்த ஒருவருக்கு இதே அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அப்பா என்னிடம்கூடச் சொல்லாமல் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். அவருடைய மனைவி, மகள், மருமகள் எல்லோரும் உட்கார்ந்திருந்த திண்ணையில் சட்டையைத் தூக்கிக் காட்டி, அளவெடுக்கும் அட்டையையும் கொடுத்துவிட்டு வந்தார்.